குழந்தைக்கு முதல் பைனாகுலர்: பெட்டியில் உள்ள எண்ணை நம்பி ஏமாறாமல் வாங்க ஒரு வழிகாட்டி

மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு பைனாகுலர் வாங்கினேன். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘30×60’ என்று போட்டிருந்தது. முப்பது மடங்கு! ஒரு மாதம் முன்பே வாங்கி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்தும் வைத்துவிட்டேன். பிறந்தநாள் காலையில் பிரித்துக் கண்ணில் வைத்தவள் சொன்னாள்: “அம்மா, ரெண்டு ஓட்டை தெரியுது. நடுவுல கறுப்பா இருக்கு.” “சரியாப் பிடிச்சுப் பாரு” என்று அதட்டினேன். அவள் சரியாகத்தான் பிடித்திருந்தாள். கருவிதான் அவள் முகத்துக்குப் பொருந்தவில்லை. அது எனக்குப் புரிந்தபோது, திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்திருந்தது.

அடுத்து வாங்கிய குட்டி 10×25-உம் சரிவரவில்லை. மூன்றாவதுதான் நிலைத்தது. மூன்றுக்கும் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தால், அந்தப் பணத்தில் முதலிலேயே நல்லதாக ஒன்று வாங்கியிருக்கலாம். நீங்கள் ஒரே தடவையில் முடித்துக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை. ஏறக்குறைய 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் விளையாட்டுப் பொருளே போதும். ஆனால் அதில் பறவை தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

1. விலை பார்க்கும் முன் கண்ணை அளந்துகொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். இரண்டு கருவிழிகளுக்கும் நடுவில் உள்ள தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மி.மீ. சின்னப் பிள்ளைகளுக்கு இது 50 மி.மீ.யை ஒட்டியும் இருக்கும். பைனாகுலரை நடுவில் மடக்கினால் இரண்டு குழல்களும் நெருங்கி வரும் அல்லவா? எவ்வளவு நெருங்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பெரியவர்களுக்கான பல கருவிகள் 56 மி.மீ.க்குக் கீழே வராது. உங்கள் பிள்ளையின் அளவு 52 என்றால், அந்தக் கருவியில் இரண்டு வட்டங்களும் ஒன்றாகச் சேரவே சேராது. என் மகள் சொன்ன ‘ரெண்டு ஓட்டை’ அதுதான்.

அளப்பது சுலபம். பிள்ளையை உங்கள் தோளுக்கு மேலாகத் தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பார்த்தால் விழிகள் உள்ளே திரும்பி அளவு குறைந்துவிடும். மூக்கின் மேல் ஸ்கேலைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒரு கருவிழியின் இடது ஓரத்திலிருந்து மற்றதன் இடது ஓரம் வரை அளங்கள். மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். சிரித்துக்கொண்டே நிற்கும் பிள்ளை என்றால் ஐந்து முறை.

பைனாகுலரின் விவரத் தாளில் ‘இன்டர்பியூபிலரி டிஸ்டன்ஸ்’ என்ற வரி இருக்கும். சிலர் சுருக்கமாக ‘ஐபிடி’ என்று போடுவார்கள். அதில் வரும் சிறிய எண், நீங்கள் அளந்ததைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அந்த வரியே இல்லாத பொருளை இணையத்தில் வாங்காதீர்கள். கடையில் என்றால் முழுக்க மடக்கி, கண்ணை வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸான கண்வில்லை ஒன்றின் இடது ஓரத்திலிருந்து மற்றதன் இடது ஓரம் வரை நீங்களே அளந்துவிடலாம்.

எதுவுமே பொருந்தாத அளவுக்குச் சின்ன முகம் என்றால், ஒற்றைக் குழல் உள்ள மோனாகுலர் வாங்குங்கள். ஒரு கண்ணால் பார்ப்பதுதான் குறை. மற்றபடி விலையும் எடையும் குறைவு.

2. 8×32 என்றால் என்ன?

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மி.மீ. கணக்கில். அவ்வளவுதான். ஆனால் உண்மையில் பயன்படும் எண், இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது.

பைனாகுலரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பி, கண்வில்லையைப் பாருங்கள். சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் தெரியும். அந்த ஒளிவட்டத்தின் அளவுதான் இது. 8×32-க்கு 4 மி.மீ., 6×30-க்கு 5 மி.மீ., 10×25-க்கு வெறும் 2.5 மி.மீ. இந்த வட்டம், கருவிழியின் நடுவில் ஒளி நுழையும் துளையான கண்மணிக்குள் விழுந்தால்தான் படம் தெரியும். கொஞ்சம் விலகினால் கறுப்பு. பெரியவர்கள் தங்களை அறியாமலே தலையைச் சரிசெய்துகொள்வார்கள். பிள்ளைகளின் தலை ஓர் இடத்தில் நிற்காது. அதனால் அவர்களுக்கு 4 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள், 5 இருந்தால் இன்னும் நிம்மதி. அந்த 10×25 என் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது, மகளுக்கு மின்னி மின்னி மறைந்தது. காரணம் இதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மாலை மங்கும் நேரத்திலும் இந்த எண் உதவும். பகலில் கண்மணி 2 அல்லது 3 மி.மீ.க்குச் சுருங்கியிருக்கும், இருட்ட இருட்ட விரியும். ஒளிவட்டம் பெரிதாக இருந்தால் அந்த வேளையிலும் படம் வெளிச்சமாக இருக்கும்.

3. 6 மடங்கா, 8 மடங்கா? 10 வேண்டவே வேண்டாம்

நாற்பது மீட்டர் தள்ளி ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. 6 மடங்கில் அது ஏறக்குறைய ஆறே முக்கால் மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். 8 மடங்கில் ஐந்து மீட்டர். 10 மடங்கில் நான்கு. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் மடங்கு கூடினால் கை நடுக்கமும் அதே அளவு கூடும். பார்வைப் பரப்பு சுருங்கும், பறவையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும். ஆடாத 6 மடங்கில் அலகின் நிறம் தெரியும். ஆடுகிற 10 மடங்கில் ஒரு நீலக் கீற்றுதான் மிஞ்சும்.

என் கணக்கு இது: ஒன்பது வயது வரை 6×30 அல்லது அதை ஒட்டிய ஒன்று. அதற்கு மேல் 8×30, 8×32. 8×42 எல்லோரும் பரிந்துரைப்பது, அருமையான அளவுதான், ஆனால் எடை பெரும்பாலும் 600 கிராமைத் தாண்டும். பிள்ளையின் கழுத்தில் 500 கிராமுக்கு மேல் தொங்கவிட்டால், அரை மணி நேரத்தில் அது உங்கள் கழுத்துக்கு வந்துவிடும்.

பார்வைப் பரப்பையும் விவரத் தாளில் பாருங்கள். 1000 மீட்டர் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் தெரியும் என்று போட்டிருக்கும். 120-க்கு மேல் இருந்தால் நல்லது. சில பெட்டிகளில் பாகையில் இருக்கும்; ஒரு பாகைக்கு 17.5 மீட்டர் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். இன்னும் சிலவற்றில் 1000 கஜத்துக்கு இத்தனை அடி என்று இருக்கும். அதை 52.5-ஆல் வகுத்தால் பாகை கிடைத்துவிடும். மூன்று பெட்டிகளை மூன்று அளவில் ஒப்பிட்டுக் குழம்பியவள் சொல்கிறேன், எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

பூச்சிப் பிரியர்கள் வீட்டில் இருந்தால் இன்னொரு வரியும் முக்கியம்: மிகக் கிட்டத்தில் எவ்வளவு தூரம் வரை ஃபோகஸ் ஆகும் என்பது. பட்டாம்பூச்சி, தும்பி பார்க்க 2 மீட்டருக்குள் வர வேண்டும். பென்டாக்ஸ் பாப்பிலியோ என்று ஒரு வகை அரை மீட்டர் வரை வரும், பூச்சிகளுக்கென்றே செய்ததுபோல. ஆனால் அதன் முன் லென்ஸ் 21 மி.மீ.தான், மங்கலான வெளிச்சத்தில் திணறும்.

4. குறைந்த பணத்தை எதில் போடுவது

பைனாகுலரில் இரண்டு வடிவம். குழல் வளைந்து, முன் லென்ஸ்கள் கண்வில்லைகளைவிட அகலமாக விலகி நிற்கும் பழைய பாணி ஒன்று, போரோ என்பார்கள். நேராகக் குழல் போல இருப்பது ரூஃப். பார்க்க ரூஃப்தான் நவீனமாக, கச்சிதமாக இருக்கும். ஆனால் அதனுள் ஒளியைத் திருப்பும் பட்டகங்களை (ப்ரிஸம்) மிகத் துல்லியமாகக் கடைய வேண்டும், சிறப்புப் பூச்சுகளும் வேண்டும். மலிவான ரூஃபில் அந்தப் பூச்சுகளைத்தான் முதலில் வெட்டுவார்கள். ஆகவே பட்ஜெட் சிறியது என்றால், அதே விலைக்குப் போரோவில் படம் தெளிவாகக் கிடைக்கும். எங்கள் மூன்றாவது பைனாகுலர் 6×30 போரோதான். கோவா ஒய்எஃப், லியூப்போல்ட் யோசமிட்டி போன்ற பெயர்களில் இந்த அளவு வந்திருக்கிறது. மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பெயரை விட்டுவிட்டு எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போரோவுக்குக் குறையும் உண்டு. கொஞ்சம் பருமன், கீழே விழுந்தால் குழல்களின் நேர்கோடு தப்பிவிடும், மலிவானவை பெரும்பாலும் தண்ணீர் தாங்காது. பிள்ளை எப்போதும் சேற்றிலும் மழையிலும்தான் இருக்கும் என்றால், நைட்ரஜன் அடைத்த, நீர்புகாத ஒன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

பட்டகக் கண்ணாடி ‘பிஏகே-4’, லென்ஸ் ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ (எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு) என்று இருந்தால் நல்லது. வெறும் ‘கோட்டட்’ என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஏதோ ஒரு பூச்சு என்றுதான் அர்த்தம்.

கண்ணாடி போடும் பிள்ளை என்றால் ‘ஐ ரிலீஃப்’, அதாவது கண்வில்லையிலிருந்து கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தாலும் முழுப் படமும் தெரியும் என்ற தூரம், 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். கண்வில்லையின் ரப்பர் விளிம்பை மடக்கவோ திருகி இறக்கவோ முடிய வேண்டும்.

பணம் முழுவதையும் கருவியிலேயே கரைத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். அகலமான பட்டை, லென்ஸ் துணி, தூசியை ஊதித் தள்ளும் ஊதுகுமிழ், அப்புறம் உங்கள் பகுதிப் பறவைகளுக்கான ஒரு கையேடு.

5. இவற்றைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்

30×60, 60×60 போன்ற நம்ப முடியாத எண்கள். என்னுடையதை வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்தேன். 60 என்று சொன்ன முன் லென்ஸ் 24 மி.மீ. சுவரை நோக்கித் திருப்பிப் பார்த்த ஒளிவட்டம் 3 மி.மீ. வகுத்தால் 8 மடங்கு! பெட்டியில் இருந்த எண் வெறும் அலங்காரம். இந்தக் கணக்கைக் கடையிலேயே போட அரை நிமிடம் போதும்.

சிவப்பாகப் பளபளக்கும் லென்ஸ். ‘ரூபி’ என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டால் உள்ளே வருவது பச்சை, நீலம் கலந்த படம்தான். மரங்கொத்தியின் செம்மை எங்கிருந்து தெரியும்?

ஜூம் வைத்த பைனாகுலர். காமெராவில் ஜூம் நல்லது, இங்கே மலிவு விலையில் அது பார்வைப் பரப்பையும் தெளிவையும் தின்றுவிடும்.

ஃபோகஸ் சக்கரமே இல்லாதது. ‘எப்போதும் ஃபோகஸில்’ என்று விற்பார்கள். தூரத்தில் இருப்பதைக் காட்டும். பக்கத்துச் செடியில் இருப்பதைக் காட்டாது. பிள்ளைகள் பார்ப்பதோ பெரும்பாலும் பக்கத்துச் செடியைத்தான்.

‘டே அண்ட் நைட்’ என்று எழுதியிருந்தால் இருட்டில் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரணக் கண்ணாடி லென்ஸுக்கு அந்த வித்தை தெரியாது.

6. கடை வாசலில் ஐந்து நிமிடம்

கடைக்குள் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வாசலுக்கு வாருங்கள். பிள்ளையும் உடன் இருக்க வேண்டும்.

முதலில் பிள்ளையின் கண்ணில் வைத்து, இரண்டு வட்டங்களும் ஒன்றாகும் வரை மடக்குங்கள். ‘எத்தனை வட்டம் தெரியுது?’ என்று கேளுங்கள். ‘தெரியுதா?’ என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தெரியுது என்றுதான் சொல்லும், பொம்மை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று.

பிறகு நீங்கள் வாங்கி, தூரத்துக் கூரை விளிம்பு மாதிரி கிடைமட்டமான ஒரு கோட்டைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே கருவியை மெதுவாகக் கண்ணைவிட்டு ஒரு சாண் தள்ளுங்கள். வட்டங்கள் இரண்டாகப் பிரியும். இரண்டிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே என்றால் குழல்கள் கோணல். இதை வாங்கிப் போனால் தலைவலிதான், நிஜமாகவே.

ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்கிறதா, அல்லது ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம் போல இருக்கிறதா என்று பாருங்கள். போரோவில் சதுரம் தெரிந்தால் பட்டகம் மட்டமானது. கடைசியாகப் பிள்ளையின் விரலே ஃபோகஸ் சக்கரத்தைச் சுற்றட்டும். சக்கரம் இறுக்கமாக இருந்தால் சுற்றாமலே பழகிவிடுவார்கள்.

பழையது வாங்குவதும் நல்ல வழிதான். காதருகே லேசாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே எதுவும் குலுங்கக் கூடாது. முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

7. பில், வாரண்டி, நாள் கணக்கு

பில்லில் மாடல் பெயர் முழுதாக இருக்கட்டும். கருவியில் பொறித்த வரிசை எண் இருந்தால் அதையும் வாரண்டி அட்டையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். கடை முத்திரையும் தேதியும் இல்லாத வாரண்டி அட்டை வெறும் காகிதம். ஆயுள் வாரண்டி என்றால் யாருடைய ஆயுள், எந்த நாட்டில் என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். முதலில் வாங்கியவருக்கு மட்டும், வாங்கிய நாட்டில் மட்டும் என்று இருப்பது சகஜம். கீழே விழுந்த சேதம் பெரும்பாலும் அதில் வராது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து மலிவு மாயமாகிவிடலாம். பொருள் விலையை மட்டும் பார்க்காமல் கைக்கு வந்து சேரும் விலையை ஒப்பிடுங்கள்.

அப்புறம் நான் விழுந்த குழி: பரிசுக்காக முன்கூட்டியே வாங்கிப் பிரிக்காமல் வைப்பது. திருப்பிக் கொடுக்கும் கெடு, நீங்கள் பிரிக்கும் நாளிலிருந்து ஓடாது. ஆச்சரியம்தான் முக்கியம் என்றால் பெட்டிக்குள் ஒரு சீட்டு மட்டும் வைத்துக் கொடுங்கள், மறுநாள் பிள்ளையோடு போய் வாங்குங்கள். எங்காவது பயணம் போவதற்காக வாங்கினால் குறைந்தது மூன்று வாரம் முன்னதாக வாங்குங்கள். கெடு முடிவதற்குள் ஒரு வெயில் வேளை, ஒரு அந்தி, ஒரு மணி நேர நடை, மூன்றிலும் பிள்ளையே பயன்படுத்தியிருக்க வேண்டும். அதுவரை பெட்டியையும் உள்ளட்டைகளையும் எறியாதீர்கள்.

8. வீட்டில் ஒருமுறை சரிசெய்வது

இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒரே மாதிரி இருக்காது. அதற்காகத்தான் வலது கண்வில்லையில் சுழலும் வளையம் ஒன்று இருக்கும். வலது முன் லென்ஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் பார்த்தபடி நடுச் சக்கரத்தால் ஒரு பலகை எழுத்தைத் தெளிவாக்குங்கள். இப்போது இடது லென்ஸை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் சுழற்றி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். கண்ணை இறுக்கி மூடச் சொல்லாதீர்கள்; பிள்ளைகளுக்கு ஒற்றைக் கண் மூடத் தெரியாது, முகம் முழுவதும் சுருங்கிவிடும். சரியானதும் வளையத்தின் மேல் சின்ன டேப் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் அன்று மாலைக்குள் யாராவது திருகியிருப்பார்கள்.

பட்டையைக் குறுக்குங்கள். கருவி நெஞ்சில் இருக்க வேண்டும், வயிற்றில் இடிக்கக் கூடாது. மரம் ஏறும்போதும் ஊஞ்சல், சறுக்கு மரத்திலும் கழற்றி வைப்பது கட்டாயம். கழுத்துப் பட்டை எதிலாவது மாட்டினால் ஆபத்து.

9. முதல் நாள்

கையில் கொடுக்கும் முன் ஒரே ஒரு விதி: சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. பைனாகுலர் வழியாகச் சூரியனைப் பார்த்தால் விழித்திரை நொடியில் வெந்துபோகலாம். வலிக்காது என்பதால் பிள்ளைக்குத் தெரியவும் தெரியாது, அந்தப் பார்வை திரும்ப வராமலும் போகலாம். முதுகில் வெயில் படும்படி நின்று பார்க்கப் பழக்குங்கள், பறவையின் நிறமும் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

பறக்கும் பறவையில் ஆரம்பிக்காதீர்கள். கம்பம், இலை, பலகை எழுத்து என்று அசையாதவற்றில் ஒரு நாள் போகட்டும். பழக வேண்டிய நுணுக்கம் ஒன்றுதான்: பறவையைக் கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவருவது. குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை போயிருக்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டால் நடுக்கம் பாதி நிற்கும்.

பறவையே வராத நாளில் கருவியைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லுங்கள். முன் லென்ஸ் கண்ணருகே, கண்வில்லை ஓர் எறும்புக்கு மிக அருகே. நல்ல பூதக்கண்ணாடி அது. என் மகள் முதல் வாரம் பறவையைவிட எறும்பைத்தான் அதிகம் பார்த்தாள்.

10. பராமரிப்பு, அடுத்தது

லென்ஸில் தூசி இருக்கும்போது துணியால் தேய்க்காதீர்கள், மணல்துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுங்கள், பிறகு மென்துணி. சட்டை நுனியால் துடைக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். ஈரக் காற்றுள்ள இடத்தில் மூடிய உறைக்குள் மாதக்கணக்கில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் தினமும் பயன்படுத்துங்கள்.

கண் இடைவெளி 57, 58-ஐத் தாண்டி, ஒரு மணி நேரம் நடந்தும் கழுத்து வலிக்கவில்லை என்று பிள்ளை சொல்லும்போது 8×42-க்குப் போகலாம். மகள் போன வருடம் மாறிவிட்டாள். பழைய 6×30 இப்போது வெயில் படாத ஜன்னலோரத்து ஆணியில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வலது வளையத்தில் இருந்த டேப்பை மட்டும் என் கண்ணுக்கு மாற்றி ஒட்டியிருக்கிறேன்.